வெற்றி வாழ்க்கை என்பது எது?



பகாவ் முதல் ரந்தாவ் வரை, நெகிரி செம்பிலான் தோட்டப்புறச் சாலைகளில் ஆண்டுதோறும் இரண்டு வகைப் பதாகைகளைக் காணலாம். ஒன்று டியூஷன் வகுப்புக்கு உரியது. மற்றொன்று எழுப்புதல் கூட்டத்துக்கு உரியது. இரண்டிலும் பெரிய எழுத்தில் நிற்பது 'வெற்றி' என்னும் ஒரே சொல். டியூஷன் நடத்துபவர் அச்சொல்லை எழுதுவதில் எனக்குக் குறை இல்லை. அவர் மாதக் கட்டணம் வாங்குகிறார். கணிதமும் மலாய்மொழியும் நடத்துகிறார். நடத்தாவிட்டால் நாம் பிள்ளையை நிறுத்திவிடலாம். எழுப்புதல் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

நான் கிறித்துவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று, இன்று தமிழ்ப்பள்ளியிலேயே பணிபுரிபவள். வெளியில் நின்று பழிப்பதற்காக இதை எழுதவில்லை. விசுவாசம், அன்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றினால் ஒரு மனிதன் வெற்றியுள்ள வாழ்க்கை வாழ முடியும் என்று முழு மனத்தோடு நம்புகிறேன். நம்புவதனால்தான் எழுதுகிறேன். அந்த மூன்று சொற்களும் நம் பிள்ளைகளின் காதில் பொருள் திரிந்து விழுகின்றன. விசுவாசம் என்றால் கேட்டது கிடைத்தே தீரும் என்ற உறுதி. அன்பு என்றால் மேடைக்குக் கொடுக்கும் காணிக்கை. கீழ்ப்படிதல் என்றால் பெரியவர் முன் வாய் மூடி நிற்பது. இப்படித்தான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். இது கிறித்துவமே அன்று என்பது என் வாதம்.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்

யு.பி.எஸ்.ஆர். தேர்வை மாணவர்கள் 1988 முதல் 2019 வரை எழுதினர். 2021இல் அது முற்றாக நீக்கப்பட்டது. தேர்வு இருந்த காலத்தில், எழுதுகோலை ஜெபித்துக் கொடுக்கும் கூட்டங்களுக்கு எங்கள் வட்டாரத்து ஆறாம் ஆண்டு மாணவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். ஓர் ஆண்டு, முடிவு வெளியான மறுநாள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "டீச்சர், நான் சரியா ஜெபம் பண்ணலையா? ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கலையா?"

அவள் கணிதத்தில் தவறியது ஏன் என்று எனக்குத் தெரியும். பின்னக் கணக்கு அவளுக்கு வரவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் போதும். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், அதை எந்தக் குறைநீக்கல் வகுப்பில் சரிசெய்வது?

தேர்வு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்று எஸ்.பி.எம்., பல்கலைக்கழக இடம், வீட்டுக் கடன், புதிய கார் என்று பட்டியல்தான் நீண்டிருக்கிறது. மேடையில் சாட்சி சொல்ல அழைக்கப்படுபவர் யார் என்று கவனியுங்கள். வேலை உயர்வு பெற்றவர், வீடு வாங்கியவர், மகனை மருத்துவம் படிக்க அனுப்பியவர். அவர்கள் நன்றி சொல்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் தோற்றவர் ஒருவரும் அந்த மேடையில் ஏறுவதே இல்லை. கீழே அமர்ந்திருக்கும் தோட்டத்துத் தாய் என்ன கணக்குப் போடுவாள்? தன் பிள்ளை தேறவில்லை, தன் கணவர் வேலையில் காயப்பட்டார், ஆகவே தன் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று நினைப்பாள். அந்த நேரத்தில் 'விதை விதைக்க' உறை ஒன்று அவள் கைக்கு வரும். அவள் அதில் வைப்பது பல நாள் கூலி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இழுப்பு நோயுள்ள சிறுவனின் மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மருந்து எடுப்பது அவிசுவாசமாம். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவம் தரும் அரசுச் சுகாதார நிலையம் சில கல் தொலைவில் இருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான்; அவன் பாட்டி யாரையும் கேளாமல் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். அந்தப் பாட்டியின் விசுவாசத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

'வெற்றியுள்ள கிறித்துவ வாழ்க்கை' என்னும் தொடரை உலகெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு இங்கிலாந்தின் கெசிக் நகரில் 1875இல் தொடங்கிய ஆண்டுக் கூட்டத்துக்கு உண்டு. அங்கே அத்தொடருக்கு இருந்த பொருள் வேறு. தன்னலத்தின் மீது வெற்றி, கோபத்தின் மீது வெற்றி, பாவப் பழக்கத்தின் மீது வெற்றி. வருமானத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. பணமும் உடல்நலமும் விசுவாசத்தின் கூலி என்னும் போதனை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து, வானொலி, தொலைக்காட்சி, ஒளிநாடா வழியாக நம் ஊர் வரை வந்தது. பழைய புட்டியில் வேறு சரக்கு ஊற்றப்பட்டது.

கெசிக் கூட்டத்தார் தம் ஆதரவில் அனுப்பிய முதல் ஊழியர் ஏமி கார்மைக்கேல். அவர் 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். கோயில்களுக்குப் பொட்டுக் கட்ட விடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்தார். அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1931இல் தவறி விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே நோயாளியாகக் கிடந்தார். அங்கிருந்தபடியே எழுதினார்; இல்லத்தை வழிநடத்தினார். தம் புதைகுழிக்குக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி வைத்தார்கள்.

வெற்றி வாழ்க்கையைக் கற்பித்த இடத்திலிருந்து வந்தவர், இருபது ஆண்டு எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். இன்றைய மேடையின் அளவுகோலால் அளந்தால் அவர் தோற்றவர். அப்படியானால் கோணலாக இருப்பது அவர் வாழ்க்கையா, அளவுகோலா?

பாதியில் நிறுத்தப்படும் அதிகாரம்

விவிலியம் வைத்திருப்போர் எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விசுவாசத்தின் அதிகாரம் என்று அதைச் சொல்வார்கள். நோவா, ஆபிரகாம், மோசே என்று வரிசை நடக்கிறது. அரசுகளை வென்றவர்கள், சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள், நெருப்பை அணைத்தவர்கள் வருகிறார்கள். மேடைப் பிரசங்கம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் 35ஆம் வசனத்தின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. விடுதலை கிடைத்தும் அதை ஏற்காமல் வதைபட்டவர்கள், சிறைப்பட்டவர்கள், வாளால் அறுக்கப்பட்டவர்கள், ஆட்டுத்தோல் போர்த்தி வறுமையில் அலைந்தவர்கள் அதன்பின் வருகிறார்கள். முதல் கூட்டத்துக்கு விசுவாசம் அதிகம், இரண்டாம் கூட்டத்துக்குக் குறைவு என்று அங்கே எழுதவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாராட்டு.

யோபுவின் கதையும் இதையே சொல்கிறது. துன்பம் வந்தது உன் குற்றத்தால் என்று அவனுக்கு நீட்டி முழக்கிய நண்பர்களைத்தான் கடவுள் கடைசியில் கண்டித்தார். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியையே இயேசு தள்ளினார். பாலைவனத்தில் உலகத்து அரசுகளை எல்லாம் காட்டி, உனக்குத் தருகிறேன் என்றவன் யார் என்பதையும் நினைவில் கொள்க. அதை வேண்டாம் என்றவரைத்தான் நாம் கும்பிடுகிறோம்.

1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்களும் வேண்டிக்கொண்டவர்களே. முனியாண்டியை வேண்டினார்கள், மாரியம்மனை வேண்டினார்கள், மாதாவை வேண்டினார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கு நாவு எழும்? அவர்களைப் பற்றிச் சொல்லக் கூசுவதை, இன்றைய தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஏன் கூசாமல் சொல்கிறோம்?

அன்புக்கு ஒரு சான்று: பகாவ்

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் கடுமையானபோது, அங்கிருந்த மக்களை வெளியேற்றி வேளாண்மைக் குடியிருப்புகளில் அமர்த்தும் திட்டம் வந்தது. 1943இன் கடைசியிலிருந்து யுரேசியரும் சீனருமாகச் சுமார் மூவாயிரம் பேர், பெரும்பாலும் கத்தோலிக்கர், பகாவ் காட்டுக்கு வந்து சேர்ந்தனர். நகரத்தில் எழுத்து வேலை பார்த்தவர்களும் ஆசிரியர்களும் மரம் வெட்டி நிலம் கொத்த வேண்டியதாயிற்று. மண் வளமற்றது. மலேரியா பரவியது. போர் முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர்.

அவர்களோடு மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் டெவல்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரும் வந்தார். மக்களை அனுப்பிவிட்டுத் தாம் சிங்கப்பூரில் தங்கிவிடவில்லை. அறுபது வயதைக் கடந்த அவர் மண்வெட்டி எடுத்து அந்த மண்ணைக் கொத்தினார். காலில் ஏற்பட்ட காயத்தில் நோய் தொற்றி, 1945 ஜனவரியில் இறந்தார்.

அந்தக் குடியிருப்பு தோல்வி என்பதில் ஐயமில்லை. விளைச்சல் இல்லை, உயிர்ச்சேதம் பெரிது, போர் முடிந்ததும் மக்கள் திரும்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட தோல்வியின் நடுவே ஒரு மனிதர் தம் மக்களுக்கு வந்த நோயையும் பசியையும் தாமும் ஏற்றுக்கொண்டார். கிறித்துவத்தில் அன்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குளிர்சாதன மண்டபத்தில் பேசிவிட்டுப் போகும் வெற்றியாளர்கள், மழைக்கு ஒழுகும் வீடுகளில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். அதன்பின் அன்பைப் பற்றிப் பேசட்டும். நானே முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறேன்.

கீழ்ப்படிதலுக்கு ஒரு சான்று: பாப்பான்

அதே ஆண்டுகளில் பேராக் மாநிலத்தின் பாப்பான் என்னும் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்ற யுரேசியத் தாதி வாழ்ந்தார். அவர் கணவர் ஈப்போவில் தொழில் செய்த தமிழ் மருத்துவர். கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய அந்த அம்மையார், காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் செய்தார். தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டுச் செய்தி சொன்னார். 1943இல் கைது செய்யப்பட்டுக் கொடிய வதைக்கு ஆளானார். பெயர்களைச் சொல்லவேண்டும் என்பதற்காக அவர் சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. சிறுமி பின்னர் இறக்கிவிடப்பட்டாள். 1945இல் விடுதலையாகிச் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. வதையில் தாடையில் பட்ட காயம் ஆறவில்லை. 1948 ஜூன் 12ஆம் நாள், தம் 48ஆம் வயதில் காலமானார். 1949இல் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இவர் கீழ்ப்படிந்தாரா, கீழ்ப்படியவில்லையா? ஆட்சியாளரின் கட்டளையை மீறினார். அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட அப்போஸ்தலர்களும் இதையே செய்தார்கள். மனிதரின் கட்டளையும் கடவுளின் கட்டளையும் மோதும்போது எதற்குப் பணிவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நோயுற்றவன் கதவைத் தட்டினால் திற என்ற கட்டளைக்கு அந்தத் தாதி கீழ்ப்படிந்தார். மற்றக் கட்டளைகள் அதற்குப் பின்னால் நின்றன.

பெற்றோர்களே, இதை உங்களுக்காக வலியுறுத்திச் சொல்கிறேன். "பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே" என்று மட்டும் கற்பித்து வளர்க்கும் பிள்ளை, தவறான பெரியவர் ஒருவரின் முன்னும் வாய் திறக்காது. அவர் உறவினராகவோ, ஆசிரியராகவோ, போதகராகவோ இருக்கலாம். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் 2017இல் வந்தது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது அச்சட்டத்தின்படி குற்றம். பிள்ளை சொல்லத் துணிந்தால்தான் நாம் தெரிவிக்க முடியும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைக் கற்பிக்காத கீழ்ப்படிதல் பாடம் அரைப் பாடம். அந்த அரைப் பாடம் ஆபத்தானது.

மறுப்பவர்களுக்கு

"ஊக்கம் கொடுப்பதில் என்ன தவறு?" என்று கேட்பார்கள். ஊக்கம் வேறு, வாக்குறுதி வேறு. "முயற்சி செய், நான் துணை இருக்கிறேன்" என்பது ஊக்கம். "நம்பினால் ஏழு ஏ கிடைக்கும்" என்பது கடவுளின் பெயரில் எழுதிய காசோலை. அது திரும்பி வந்தால் வங்கிக்கு இழுக்கு. எழுதியவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

"கடவுளிடம் கேட்கக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் கேட்டார். அந்தத் துன்பம் தம்மை விட்டு நீங்கவேண்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

"கூட்டங்களால் தோட்டத்தில் நன்மையே நடக்கவில்லையா?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். நடந்திருக்கிறது. சம்சு குடித்துக் குடும்பத்தை அடித்தவர்கள் ஜெபக்குழுவில் சேர்ந்தபின் குடியை விட்டதையும், சம்பள உறையை மனைவியிடம் பிரிக்காமல் கொடுத்ததையும் கண்டிருக்கிறேன். வெற்றி என்று நான் சொல்வது இதைத்தான். அன்றாடம் அந்தக் கடையைக் கடந்து நடக்கும் மனிதனின் வெற்றி அது. அந்த மனிதரை மேடையில் ஏற்றுவதில்லை என்பதே என் வழக்கு.

இந்து அன்பர்களும் இதை வாசிப்பீர்கள். எழுதுகோலைச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பதில் உள்ள பணிவை நான் மதிக்கிறேன். கடவுள் மதிப்பெண்ணால் கூலி கொடுப்பவர் என்று பிள்ளை புரிந்துகொண்டால், கோயிலானாலும் தேவாலயமானாலும் விளைவு ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, தேர்வுக்கு முன் பிள்ளையோடு ஜெபியுங்கள். அச்சம் நீங்கவும், நேர்மையாக எழுதவும், பக்கத்து மாணவனும் நன்றாக எழுதவும் ஜெபியுங்கள். முடிவு வந்தபின், எதுவாயினும், அன்றும் அதே குரலில் ஜெபியுங்கள். பிள்ளை கற்றுக்கொள்வது இரண்டாவது ஜெபத்திலிருந்து. நோய் என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும் வழியில் ஜெபிக்கலாம்.

ஆசிரியர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. முதல் மதிப்பெண் பெற்றவரை மட்டும் சபைகூடலில் நிறுத்திக் கைதட்டும் பள்ளி, அந்த மேடையைத்தான் சிறிய அளவில் நடத்துகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் மாணவன் இந்த மாதம் ஒரு பத்தியை முழுதாக வாசித்தான் என்றால், அவனையும் நிறுத்துங்கள். அவனுக்காக நாள்தோறும் அரை மணி நேரம் கூடுதலாக அமர்வது விசுவாசம். வாசனை வீசும் சட்டையோடு வரும் பிள்ளையிடம் முகம் சுளிக்காமல் குனிந்து பேசுவது அன்பு. மேற்பார்வைக்கு யாரும் வராத நாளிலும் பாடத்தை ஒழுங்காக நடத்துவது கீழ்ப்படிதல். இவற்றுக்குப் பதாகை தேவையில்லை.

சபைகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்ல, கார் வாங்கியவருக்குப் பதிலாக, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பத்து ஆண்டுகளாகக் கழுவித் துடைத்துப் பார்க்கும் தோட்டத்துப் பெண்ணை அழையுங்கள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. ஒலிவாங்கியைப் பிடிக்கக் கூச்சப்படுவாள். இரண்டு நிமிடம் அவள் தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கட்டும். வெற்றி வாழ்க்கை எது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை